மாலை ஏழு மணிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலை மாதம் ஒரு நல்ல செய்தி வந்தது. இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின்நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு போன்ற எரிபொருள்களைச் சாராததாக ஆகிவிட்டது. 2030க்குள் எட்டுவோம் என்று உலக நாடுகளிடம் சொன்ன அளவு இது. ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே தொட்டுவிட்டோம். 2014இல் நாடு முழுவதும் சேர்த்து மூவாயிரம் மெகாவாட்டுக்கும் குறைவாக இருந்த சூரிய மின்திறன், 2025 தொடக்கத்தில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. மின்துறையிலேயே காலம் கழித்த எனக்கு இதில் உண்மையான பெருமை உண்டு.

சரி, பாதித் திறன் வந்துவிட்டதே, பாதி மின்சாரமும் வருகிறதா என்றால், இல்லை. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் கிடைக்கிறது. ஒரு மெகாவாட் அனல் மின்நிலையம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளில் 24 ஆயிரம் யூனிட் தரும். ஒரு மெகாவாட் சூரியத் தகடுகள் நல்ல வெயில் நாளில் தருவது நாலாயிரம், ஐயாயிரம் யூனிட். அதுவும் பகலில் மட்டும். மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்கு, டிவி, ஏசி என்று போடும்போது தகடுகள் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்துச் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரி எரிக்கும் கொதிகலன்கள்தான். ஆக, இனி எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று எண்ணுவதைவிட, எந்த நேரத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

காற்றின் கதை நமக்குப் பழக்கமானது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று நான்கு கணவாய்கள் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வரம். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். தெற்கே ஒரு துணை மின்நிலையத்தில் நான் வேலை பார்த்த நாட்களில், ஆடிக் காற்று உச்சத்தில் வீசும்போது காற்றாலைகளை நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் உத்தரவு வரும். காற்று இருக்கிறது, இயந்திரம் நன்றாக இருக்கிறது, ஆனால் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகக் கம்பி போதாது. பொன்னான காற்று வீணாகப் போவதைப் பார்க்க வயிறு எரியும். விளைச்சல் அமோகமாக இருந்து களத்துக்குப் பாதை இல்லாத நிலைமை அது.

அந்தப் பாதை இப்போது ஓரளவு வந்திருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை, 1,700 கிலோமீட்டருக்கும் மேலாக, 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட (டிசி) மின்தடம் ஓடுகிறது. ஆறாயிரம் மெகாவாட் தாங்கும். நமக்குத் தேவைப்படும்போது வடக்கிலிருந்து வாங்கலாம், காற்று மிகும்போது வடக்கே அனுப்பலாம். ஆனால் நாடு முழுவதும் பார்த்தால் சிக்கல் தீரவில்லை. ஏக்கர் கணக்கில் தகடுகள் பரப்பிய சூரியப் பூங்காவை ஒன்றிரண்டு ஆண்டுகளில் கட்டிவிடலாம். கோபுரம் நட்டு, நிலத்துக்கு வழி கேட்டுப் பெற்று, கம்பி இழுக்க அதைவிடக் கூடுதல் காலம் ஆகிறது. ராஜஸ்தானில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஜெய்சல்மேர் பக்கம் மிச்சமிருக்கும் கானமயில்கள் கனத்த உடம்புள்ள பறவைகள். எதிரே வரும் கம்பி அவற்றின் கண்ணில் சரியாகப் படாது. மோதிச் செத்ததால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பறவையையும் காக்க வேண்டும், கம்பியும் இழுக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கைவிடலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் பாவகடா வறண்ட பூமி. அங்கே 13 ஆயிரம் ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைந்தபோது, விவசாயிகளின் நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21 ஆயிரம் ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீத உயர்வு. மழையை நம்பி ஏமாந்த நிலத்துக்கு இது கௌரவமான வருமானம், நல்ல ஏற்பாடு. ஆனால் நிலமே இல்லாமல் அந்த நிலங்களில் கூலிக்குப் போனவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் குத்தகைப் பணம் கிடையாது. அடுத்த பூங்காக்களை எழுப்பும்போது அவர்களுக்கும் ஒரு பங்கை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், மின்சாரத்தைச் சேமித்துவைப்பது. பேட்டரி விலை குறைந்துவருவது பெரிய நம்பிக்கை. ஆனால் இதற்கு நம்மிடம் பழைய வழியும் ஒன்று இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை மின்நிலையம், பூமிக்குள் குடைந்து கட்டியது. 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள ‘மேல் ஆழியாறு’ அணையிலிருந்து தண்ணீரை மேலே உள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை உச்சத்துக்குப் போகும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். தண்ணீர் செலவாவதில்லை, மேலும் கீழுமாகப் போய்வருகிறது. ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது, ஏறத்தாழ கால் பங்கு நஷ்டமாகும். நண்பகல் வெயிலில் மிஞ்சுவதை மாலைக்கு வைத்திருக்க அந்த நஷ்டம் தாங்கக்கூடியதே. அந்தக் காலத்தில் இரவு மிச்சத்தைச் சேர்க்க வந்த திட்டம் இன்று பகல் மிச்சத்துக்குக் கைகொடுக்கிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டில் இதே போன்ற ஒன்றைக் கட்டிவருகிறார்கள்.

இதைவிட மலிவான வழி, வேலையையே வெயில் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது. இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வருகிறது என்று டார்ச் லைட்டோடு, பாம்புக்குப் பயந்து பயந்து மோட்டார் போடப் போன விவசாயிகள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் உண்டு. பம்புசெட்டுகளுக்குப் பகலில் சூரிய மின்சாரம் கொடுத்தால் அவர்களுக்கு இரவில் தூக்கம், மின்தொகுப்புக்கு நிம்மதி. மத்திய அரசின் 2023 விதிகளும் இதே போக்கில்தான் இருக்கின்றன: நேரவாரியாகக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் வெயில் நேரத்துக்குக் கட்டணம் குறைவு, உச்ச நேரத்துக்கு அதிகம்.

குடிநீர்த் தொட்டிகளும் அப்படித்தான். பல ஊராட்சிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மோட்டார் ஓடுவது விடியற்காலையிலும் அந்தி வேளையிலும். தொட்டியில் இடமிருந்தால் பகல் பதினொரு மணிக்கு நிரப்பிவைப்பதில் என்ன தடை? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், உங்கள் குடியிருப்புச் சங்கத்தில், இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

வணக்கம்.