கணுக்காலில் ஒரு தழும்பு

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் புறநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தான். வலது கணுக்காலைச் சுற்றி, கொலுசு கிடக்கிற இடத்தில், தோல் கருத்துக் காய்த்துப் போயிருந்தது. எட்டு மாதமாகத் திண்ணைத் தூணோடு சங்கிலியில் கிடந்த கால். கட்டிப் போட்டவர் பெற்ற தாய். "ராத்திரியில் எழுந்து ரோட்டுக்கு ஓடுகிறான் சிஸ்டர். லாரியில் அடிபட்டுவிடுவானோ என்று பயந்துதான் கட்டினேன்" என்றார். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மருத்துவமனைக்கு அவர் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அன்றாடக் கூலியையும் விட்டுவிட்டு, திமிறும் மகனைப் பிடித்துக்கொண்டு எத்தனை முறைதான் வருவார்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து, அவர்களில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அவர்களையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் வேறு வழி தெரியாத குடும்பத்தினர்தான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. அதே சட்டத்தின் 18ஆவது பிரிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார மையம் தொடங்கி எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எந்நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. 'எந்நேரமும்' என்ற அந்த ஒரு சொல்லின் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பையன் மாத்திரையில் நன்றாகத் தேறி, செங்கல் சூளையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு மாதம் மருந்து இருப்பு இல்லை. "அடுத்த வாரம் வாருங்கள்" என்று நானே சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமும் வரவில்லை மருந்து. கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முடிந்துகொண்டார். ஆறு வாரத்தில் பையனைப் பழைய நிலையிலேயே கூட்டிவந்தார். சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனால் ஊரே கேள்வி கேட்கிறது. மனநோய்க்கான மாத்திரை தீர்ந்தால் கேட்க ஆளில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள். கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நாட்டில் நடக்கிறது. அதன் கீழ் மனநல மருத்துவர் உங்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எப்போதும் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

அந்தப் பையன் மறுபடியும் தேறினான். நான் ஓய்வு பெற்ற மாதம் தனியாகவே வந்து சீட்டை நீட்டினான். மாத்திரை அட்டைகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, "முப்பது நாளுக்கும் இருக்கிறது சிஸ்டர்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.