பச்சை வாளியில் ஏன் தவிடு இருந்தது?

அடுத்த கேள்வி, ஊராட்சியில் பணியாற்றும் ஒரு சகோதரி அனுப்பியது. "வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தோம். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று கூட்டம் போட்டுச் சொன்னோம். ஆனாலும் எல்லாவற்றையும் ஒன்றாகவே கொட்டுகிறார்கள். எங்கள் மக்களுக்கு விழிப்புணர்வே வராதா?" என்று கேட்கிறார்.

சகோதரி, விழிப்புணர்வு என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். தரம் பிரிப்பது நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. அரிசி கழுவிய நீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும், அங்கிருந்து மாட்டுக்குப் போகும். சாணமும் சாம்பலும் எருக்குழிக்கு. ஓட்டைக் குடம் பேரீச்சம்பழக்காரருக்கு, பழைய சேலை பாத்திரக்காரருக்கு. இதற்கெல்லாம் யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, அது அங்கே போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்தார்கள். ஷாம்பு உறைக்கும் சிப்ஸ் உறைக்கும் அப்படி ஓர் இடம் இல்லை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த உறை அது. பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்கமாட்டார். அதனால்தான் கொல்லையில் போட்டு எரிக்கிறார்கள்.

ஓர் ஊரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பச்சை வாளியில் தவிடு இருந்தது, சிவப்பு வாளி குளியலறையில் இருந்தது. காரணம் கேட்டேன். "ஒரு மாதம் பிரித்துத்தான் கொடுத்தேன். தெருமுனை திரும்பியதும் வண்டியில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஏரிக்கரையில் போய்ப் பாருங்கள்" என்றார் அந்த அம்மா. போய்ப் பார்த்தேன். யாரோ கழுவி, மடித்து, ரப்பர் போட்டுக் கட்டிய எண்ணெய் உறைகள் அழுகிய தக்காளிக்கு அடியில் கிடந்தன. அந்த ஊரில் இன்னும் ஒருவர் பிரித்துக்கொண்டிருக்கிறார். அவரும் ஒரு நாள் ஏரிக்கரைப் பக்கம் வருவார் என்று நினைத்தபோது எனக்கு வேதனையாக இருந்தது.

ஜப்பானில் ஷிகோகு தீவில் கமிகட்சு என்ற சிற்றூர் இருக்கிறது. 1,500 பேருக்கும் குறைவு, அவர்களில் பாதிப் பேர் முதியவர்கள். குப்பையே இல்லாத ஊராக வேண்டும் என்று 2003இல் அறிவித்தார்கள். அங்கே வீடு வீடாகக் குப்பை வண்டி வராது. மக்களே கொண்டுவந்து 40க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடுகிறார்கள், சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. எல்லோரும் அந்த எண்ணிக்கையைப் பார்த்து வியக்கிறார்கள். என் கண் பட்டது பெட்டிகளின் மேல் இருக்கும் பலகைகளில்தான். இது எங்கே போகிறது, என்னவாகிறது, ஊருக்கு வரவா செலவா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய எருக்குழி தந்த அதே நம்பிக்கையை அந்தப் பலகை தருகிறது.

இன்னொன்று, கூட்டத்தில் பேசும்போது "யாருமே பிரிப்பதில்லை" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லும்போது, பிரிக்காமல் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்று நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு ஓட்டலில் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. சுற்றுச்சூழலைக் காக்க ஒரே துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள் என்ற அட்டைக்குச் சுமார் 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். இங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்ற அட்டைக்குச் சுமார் 44 சதவீதம் பேர். முன்பின் தெரியாதவர்கள் செய்வதற்கே இந்த மதிப்பு என்றால், எதிர்வீட்டு அக்கா செய்வதற்கு எவ்வளவு இருக்கும்!

எதிர்வீட்டுக் கண்ணுக்கு மறுபக்கமும் உண்டு. கிராமத்தில் குப்பை வாளி வீட்டு ரகசியத்தைச் சொல்லிவிடும். மாதவிலக்கு நாப்கினை வாளியில் போடக் கூச்சப்பட்டு இருட்டியபின் வாய்க்காலில் வீசுகிற பெண்களைத் திட்டிப் பயனில்லை. காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்கலாம் என்று இன்னொரு பெண் தனியாகச் சொன்னால் போதும். குப்பையைத் தொடுவது ஒரு சாதியின் வேலை என்ற எண்ணமும் பல வீடுகளில் இருக்கிறது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல நான் விரும்பவில்லை. தான் பிரிக்காவிட்டால் தூய்மைக் காவலர் வெறுங்கையால் பிரிக்க நேரிடும் என்று தெரிந்தும் அந்த வீடுகள் அலட்டிக்கொள்ளாதது அதனால்தான்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தூய்மைக் காவலருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன என்பது அவருக்கு விரல்நுனியில் இருக்கும், அவரே சொல்லட்டும். ஆனால் அதற்கு முன்பு, வண்டியின் நடுவில் ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள்.