தக்காளி மலிந்த நேரத்தில் வீட்டிலேயே பாஸ்தா சோஸ்

[காட்சி: கிளிநொச்சிச் சந்தை, காலை நேரம். பெட்டி பெட்டியாகத் தக்காளிப்பழம்.]

மாசி, பங்குனியில் சந்தைக்குப் போனால் தக்காளிப்பழம் குவிந்து கிடக்கும். பழுத்ததை வைத்திருக்க வழியில்லாமல், தோட்டக்காரர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பார்க்கவே மனம் பொறுக்காது. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கடையில் பாஸ்தா சோஸ் போத்தல் இருக்கிறது. அந்த ஒரு போத்தலின் காசுக்கு, இந்த நேரத்தில் தக்காளியைப் பை நிறைய வாங்கிவிடலாம். இன்றைக்கு அந்தத் தக்காளியைத்தான் சோஸாக்கப் போகிறோம்.

[காட்சி: குசினி. ஒரு தட்டில் வெளிறிய பாஸ்தா, அடியில் சிவப்புத் தண்ணீர்.]

முதலில் இந்தத் தட்டைப் பாருங்கள். பிரான்சிலிருந்து வந்த சித்தி எங்கள் வீட்டில் பாஸ்தா செய்து காட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் தனியாகச் செய்தபோது இப்படித்தான் வந்தது. கை குழம்புக்குப் பழகிய கை. தாளித்தேன், தக்காளி போட்டேன், கறித்தூள் போட்டேன், தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். பிள்ளைகள் பாஸ்தாவை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிட்டார்கள்.

சோறு குழம்பைக் குடித்துக்கொள்ளும். பாஸ்தா அப்படிக் குடிக்காது, சோஸ்தான் அதன் மேலே ஒட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு வேலை இருக்கிறது: தக்காளியின் தண்ணீரை வற்றவிட வேண்டும், கடைசியில் பாஸ்தா வெந்த கஞ்சியைச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டும் கைவந்தால் எந்தச் சோஸும் வரும்.

[காட்சி: தக்காளியின் அடியில் கத்தியால் கீறுவது, அருகிலிருந்து.]

ஒரு கிலோ தக்காளி, 4 பேருக்குப் போதும். நன்றாகப் பழுத்த, சதைப்பிடிப்பான பழமாகப் பாருங்கள். அடியில் சிலுவைபோல ஒரு கீறல் போட்டு, கொதிதண்ணீரில் அரை நிமிடம் விட்டு எடுத்தால், தோல் தானாகச் சுருண்டு கழன்று வரும். அப்புறம் கையாலேயே பிசைந்துவிடுங்கள். மிக்சியில் அடித்தால் காற்று ஏறி, சிவப்பு வெளிறிப்போகும். எனக்குக் கையால் பிசைந்ததுதான் பிடிக்கும், வாயில் சதை தட்டுப்படும்.

அலுமினியச் சட்டியில் வைக்க வேண்டாம். தக்காளிப் புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்தால் ஒரு இரும்பு வாடை வரும். மண்சட்டி மிகவும் நல்லது.

சட்டியில் 4 மேசைக்கரண்டி எண்ணெய். ஒலிவ் எண்ணெய் இருந்தால் சரி, இல்லாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் விடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் தக்காளியை அமுக்கிவிடும். ஒரு வெங்காயத்தைப் பொடியாக வெட்டிப் போட்டு, மெல்லிய நெருப்பில் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் தட்டிய உள்ளி 6 பல். உள்ளி பொன்னிறம் தாண்டக் கூடாது. கருகினால் சட்டி முழுக்கக் கசக்கும், பிறகு சீனி போட்டாலும் சரிவராது. உள்ளி மணம் வந்த உடனே தக்காளியைக் கொட்டி, ஒரு தேக்கரண்டி உப்புப் போடுங்கள்.

காரம் வேண்டுமென்றால் இரண்டு செத்தல் மிளகாயை உடைத்துப் போடலாம். இது நம்முடைய கைவேலை என்று நினைக்காதீர்கள். ரோமில் அராபியாட்டா என்று ஒரு சோஸ் இருக்கிறது, உள்ளி, தக்காளி, செத்தல் மிளகாய் மூன்றும்தான். பெயரின் பொருள் 'கோபம் கொண்டது'. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பொருட்கள். இத்தாலிக்கும் நமக்கும் இரண்டுமே வந்தேறிகள்தான். இத்தாலியர்கள் நெடுங்காலம் பாஸ்தாவை வெறும் சீஸ் தூவித்தான் சாப்பிட்டார்கள். தக்காளி சோஸ் செய்யும் முறையை நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்ற சமையல் நூலாசிரியர் எழுதி வைத்ததே 1690களில்தான்.

[காட்சி: விறகடுப்பு. கொள்ளியை வெளியே இழுத்து, தணலில் சட்டி.]

இனி நெருப்பைக் குறையுங்கள். விறகடுப்பு இருந்தால் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் விடுங்கள், இந்த வேலைக்குத் தணலைப்போல ஒன்று கிடையாது. மூடி போட வேண்டாம், ஆவி வெளியே போக வேண்டும். 35, 40 நிமிடம் எடுக்கும். இடையிடையே அடியைத் தொட்டுக் கிண்டுங்கள்.

[காட்சி: சட்டிக்குள், மிக அருகில். அகப்பை அடியில் கோடு இழுக்கிறது.]

சத்தத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் தண்ணீர் கொதிக்கிற சளசளப்பு. வற்ற வற்ற அது அடங்கி, ஒவ்வொரு கொப்புளமாகப் 'புளக், புளக்' என்று வெடிக்கும். ஓரத்தில் எண்ணெய் செம்மஞ்சளாக ஒதுங்கி நிற்கும். இப்போது அகப்பையால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை அடிச்சட்டி தெரிந்தால் இறக்கலாம். புளிப்புத் தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சீனி, அதற்கு மேல் வேண்டாம்.

தக்காளி மலிவாக இருக்கும்போது நாலைந்து கிலோவை ஒரேயடியாக வைத்துவிடுங்கள். ஆறியதும் சுத்தமான போத்தலில் போட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் 4 நாள், உறைய வைத்தால் 3 மாதம். மேலே எண்ணெய் விட்டால் வெளியிலேயே கெடாது என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். உள்ளி எண்ணெய்க்குள் காற்றுப்படாமல் வெளியில் கிடந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உண்டாகலாம், மணத்திலோ ருசியிலோ அது தெரியாது. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. நந்திக்கடல் இறால் கிடைத்தால் தலையை எறியாதீர்கள். வெங்காயம் போடுவதற்கு முன் தலைகளை அந்த எண்ணெயில் அமுக்கி அமுக்கி வதக்கினால், எண்ணெயே சிவந்து இறால் மணம் ஏறிவிடும். தலைகளை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் சோஸ் வையுங்கள். சோஸை இறக்குவதற்கு 2, 3 நிமிடம் முன் இறாலைப் போட்டால் போதும், கூட வெந்தால் றப்பர்தான். இதற்குச் சீஸ் தூவ வேண்டாம்.

காரம் சாப்பிடாத சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சோஸ்: 30 கிராம் பட்டர், 30 கிராம் கோதுமை மா, அரை லீற்றர் பசுப்பால். மாவைப் பட்டரில் நிறம் மாறாமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டிபடாமல் கிண்டுங்கள். உப்பு, மிளகுதூள். அவ்வளவுதான்.

[காட்சி: கொதிக்கும் பாஸ்தா. ஒரு கோப்பையில் கலங்கல் தண்ணீர்.]

சரி, இப்போது கஞ்சிக்கு வருவோம். 400 கிராம் பாஸ்தாவுக்கு 3 லீற்றர் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. பக்கற்றில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்னமே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடிக்குமுன் இந்தக் கலங்கல் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். நாங்கள் சோறு வடித்த கஞ்சியைப்போலத்தான் இதுவும், பாஸ்தாவிலிருந்து கரைந்த மாப்பசை இதில் இருக்கிறது. எண்ணெயும் தக்காளிச் சாறும் தனித்தனியே பிரிந்து போகாமல் இந்தப் பசை கட்டி வைக்கும்.

வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டாம், ஒட்டுகிற பசை போய்விடும். அப்படியே சோஸ் சட்டிக்குள் போட்டு, கஞ்சியில் அரைக் கோப்பை விட்டு, நெருப்பைக் கூட்டி 2 நிமிடம் பிரட்டுங்கள். முதலில் தண்ணீராகத் தெரியும், பயப்பட வேண்டாம். பிரட்டப் பிரட்டச் சோஸ் மினுமினுத்து ஒவ்வொரு பாஸ்தாவையும் சுற்றிப் பிடிக்கும். இறுகிப்போனால் மிச்சக் கஞ்சியில் இன்னும் கொஞ்சம்.

[காட்சி: அதே தட்டு. பாஸ்தாவை ஒரு பக்கம் ஒதுக்கிக் காட்டுவது.]

இப்போது தட்டின் அடியைப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சூடாக இருக்கும்போதே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.