முதுகு நீரும் ஒரு மாயமான வாயுவும்

கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கோயமுத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ கூட்டிப்போன நோயாளிக்கு முதுகில் நீர், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர், எடுக்கணும் என்று டாக்டர் சொன்னதுமே, வீட்டார் திரும்பிப் போக பஸ் விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கால் விளங்காமல் போய்விடுமாம்! பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் முதல், இரண்டாவதை ஒட்டியே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள்தான் இருக்கின்றன. ஊசி பட்டால் அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். சில பேருக்குத் தலைவலி வரும், சில நாளில் போகும். சரி, அதை விடுவோம்.

அந்த நீரில் அணுக்கள், புரதம், சர்க்கரை பார்ப்பார்கள். ஆய்வாளர்கள் கூடவே நைட்ரிக் ஆக்சைடையும் தேடினார்கள். ரத்தக்குழாயைத் தளர்த்தும் இந்த வாயு பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998இல் நோபல் வாங்கினார்கள். அளவோடு இருந்தால் நல்லது. மூளையில் அழற்சி வந்துவிட்டால் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா முதலானவை மடை திறந்தாற்போல் இதைக் கொட்டுகின்றன. அது சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு வீரிய மூலக்கூறோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற நச்சுப்பொருள் ஆனால் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறைக்கே ஆபத்து.

வாயுவோ சில நொடிகளில் மாயம். மிஞ்சுவது நைட்ரைட்டும் நைட்ரேட்டும். நைட்ரேட்டையும் நைட்ரைட்டாக மாற்றி, நைட்ரைட்டைக் காட்டிக்கொடுக்கும் ‘கிரீஸ்’ (Griess) கரைசலைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு ஏறும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவியில் அளப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியல், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் அளவு கூடியிருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, பாக்டீரியா மூளைக்காய்ச்சலிலும் அப்படியே. அப்படியென்றால் எந்த நோய் என்று இது எப்படிச் சொல்லும்?

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. நேற்று சாப்பிட்ட முளைக்கீரை, பீட்ரூட்டிலும் நைட்ரேட் இருக்கிறது. நம் பக்கத்தில் யூரியா போட்ட வயலோரக் கிணறுகள் வேறு. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. யார் அளந்து பார்த்துக் குடிக்கிறோம்? ரத்தத்தில் ஏறியது முதுகு நீரிலும் கலக்கும். அழற்சியில் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு பலவீனமானால் இன்னும் அதிகமாகக் கசியும். ஆகவே அதே வேளையில் ரத்தத்திலும் அளக்கணும், அந்தக் கசிவைக் காட்டும் அல்புமின் விகிதமும் (முதுகு நீரிலும் ரத்தத்திலும் உள்ள அல்புமின் புரதத்தின் ஒப்பீடு) பார்க்கணும். இதெல்லாம் இல்லாமல் நீட்டப்படும் அளவை நான் நம்புவதில்லை.

நைட்ரோடைரோசின் என்று ஒன்று உண்டு. பெராக்சிநைட்ரைட் புரதத்தைத் தாக்கியதற்கு அடையாளம். கீரை தின்றதெல்லாம் அதை அவ்வளவாகக் குழப்பாது. ஆனால் முதுகு நீரில் அது மிகக் குறைவு, அளப்பது பெரும்பாடு.

அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் நைட்ரிக் ஆக்சைடைத் தேடாதீர்கள். முதுகு நீர் எடுத்தபோதே ரத்தச் சர்க்கரையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சாதாரணமாக முதுகு நீர்ச் சர்க்கரை அதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பாக்டீரியா, டிபி மூளைக்காய்ச்சல்களில் நன்றாகக் குறைந்துவிடும்.