வெறும் பெட்டியாக இருக்கும்போதே ஆற்றல் கணக்கு

(திரையில்: முழுமையான கட்டட வரைபடம். மேலே சிவப்பு முத்திரை.)

வரைபடம் முடிந்துவிட்டது. அனுமதிக்கு அனுப்புகிற நேரத்தில், கட்டடம் எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் செலவழிக்கும் என்று ஆற்றல் கணக்கு போட்டவர் சொல்கிறார்: "விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டுகிறது சார்." இப்போது எதை மாற்றுவது? தூண்களும் மாடிப்படியும் இடம் பிடித்தாயிற்று. மிச்சம் இருப்பது கண்ணாடியும் ஏசியும்தான். இரண்டையும் உயர்ந்த ரகமாக்கலாம், பணம் இருந்தால்.

(வரைபடம் அழிகிறது. ஒரு நீளமான பெட்டி மட்டும்.)

சரி, வடிவமைப்பின் முதல் வாரத்துக்குப் போவோம். இந்தப் பெட்டியின் நீளமான பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாக, சாய்ந்து வரும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் போட்டும் பெரிய பயன் இல்லை. பெட்டியை 90 டிகிரி திருப்புங்கள். நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், சன்ஷேட்டுக்கும் பயன் இருக்கும். திருப்புவதற்குச் செலவு? மவுஸில் ஒரு இழுப்பு.

விதியும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-இல் ஆஷ்ரே (அமெரிக்காவின் ஏசி, வெப்பப் பொறியாளர் சங்கம்) கொண்டுவந்த கட்டட ஆற்றல் தரத்தின் இன்றைய வாரிசு 90.1. அதில் ஒரு வழி, பகுதி பகுதியாகத் தேறுவது: ஜன்னல் கண்ணாடி சுவர்ப்பரப்பில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கூரைக்கு இவ்வளவு இன்சுலேஷன், இப்படி. இன்னொரு வழி, முழுக் கட்டடத்தையும், கணினியில் மட்டும் இருக்கும் ஒரு ஒப்பீட்டுக் கட்டடத்தோடு நிறுத்திப் பார்ப்பது. அதன் இணைப்பு ஜி-யில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: ஒப்பீட்டுக் கட்டடத்தை நான்கு திசைக்கும் திருப்பிச் சராசரி எடுப்பார்கள். ஆகவே நல்ல திசையில் வைத்தவருக்கு அந்த லாபம் கணக்கில் சேரும். கட்டடத்தைத் திருப்பவே முடியாத மனை என்றால் விலக்கு உண்டு.

(பெட்டிக்குள் கோடுகள்: சுற்றிலும் ஒரு பட்டை, நடுவில் ஒரு மையம்.)

"அறையே வரையவில்லையே, எதை வைத்துக் கணினியில் ஆற்றல் மாடல் போடுவது?" என்பீர்கள். வெளிச்சுவரை ஒட்டி சுமார் 4.5 மீட்டர் அகலத்தில், வெப்பத்தைத் தனியாகக் கணக்கிடும் ஒரு மண்டலம், நடுவில் இன்னொன்று. ஆள், விளக்கு, இயங்கும் நேரம் எல்லாம் ஊகம்தான். ஆனால் எல்லா வடிவத்துக்கும் ஒரே ஊகம். வானிலைக் கோப்பைக் கொடுத்தால், இலவசமாகவே கிடைக்கும் எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருள் ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் ஓட்டிக் காட்டும்.

வருகிற எண்ணை மின்கட்டண பில் என்று நம்பாதீர்கள். அ வடிவத்துக்கும் ஆ வடிவத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வண்ண வண்ணமாக வரும் வெப்பப் படங்களும் அப்படித்தான். கூட்டத்தில் காட்ட அழகு, முடிவெடுக்க எண்தான் வேண்டும்.

அப்புறம், ஊகங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கண்ணாடி எவ்வளவு வெயில் வெப்பத்தை உள்ளே விடலாம் என்ற எண்ணும் அதில் இருக்கட்டும். பிறகு ஒப்பந்தக்காரர் "அதே மாதிரிதான் சார்" என்று வேறு கண்ணாடியை நீட்டும்போது அந்தத் தாள் உதவும்.