பொய் வாய்

நேயர்களுக்கு வணக்கம். தீபாவளிக்குப் பிள்ளைகள் கேப் துப்பாக்கி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். குதிரை என்கிற சின்னச் சுத்தியல் வந்து பொட்டில் தட்டும், படீர்! 1840 வாக்கில் அமெரிக்காவில் குறி சுடும் போட்டிக்கென்றே செய்த ரைஃபிள்களிலும் நெருப்பு இப்படித்தான் பிறந்தது. காகிதப் பொட்டுக்குப் பதில் சின்னதாக ஒரு செம்பு மூடி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் சக்கிமுக்கிக் கல். கல் உரசி, பொறி பறந்து, வெளியே மருந்து பற்றி, அப்புறம்தான் குண்டு கிளம்பும். அதற்குள் வாத்து பறந்துவிடுகிறதே என்று எரிச்சல்பட்டுத்தான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் தட்டினால் வெடிக்கும் முறையைக் கண்டுபிடித்து 1807இல் காப்புரிமை வாங்கினார். பாதிரியார் வாத்து சுடலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் கடைசல் பட்டறையில் நின்றே வயதானவன். எனக்கு வெடிச் சத்தத்தில் ஆசை கிடையாது. குழலின் வாயில்தான் ஆசை.

குண்டை அந்த வாய் வழியாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். ஈயக் குண்டு, சட்டென்று நசுங்கும். மயிரிழை சாய்ந்து நுழைந்தாலும் போதும், சாய்ந்தேதான் வெளியே போகும். போதாததற்கு, தடியால் தள்ளித் தள்ளி வாய் விளிம்பும் தேயும். விளிம்பு தேய்ந்தால் குறி போச்சு.

மாசசூசெட்ஸில் ஆல்வன் கிளார்க் என்று ஒருவர். மனிதர்களின் முகம் வரைந்து பிழைத்த ஓவியர், நல்ல குறிகாரரும்கூட. 1840இல் அவர் காப்புரிமை வாங்கிய வழி இது. குழலின் நுனியில் ஒரு துண்டை அறுத்து எடுப்பது. சிறு முளைகள் வைத்து அதே இடத்தில் மறுபடி பொருத்துவது. பொருத்திய பிறகு இரண்டையும் ஒன்றாக வைத்தே உள்ளே, குண்டைச் சுழலவைக்கும் சுழல் வரிகளை வெட்டுவது. துண்டில் ஓடும் வரி இடறாமல் குழலுக்குள் தொடர வேண்டும், வேலையே அதுதான். கடைசியில் துண்டின் வாயை மட்டும் புனல்போல லேசாக அகலப்படுத்துவது. குண்டு போடும்போது மாட்டு, சுடும்முன் கழற்று. இதற்குப் பொய் வாய் என்று பெயர். பொய் வாய் தேயட்டும், மெய் வாய் பிழைத்தது.

கழற்ற மறந்து சுட்டுவிட்டால்? துண்டு எங்கோ பறந்துவிடும். கூடப் பிறந்த துண்டு, வேறொன்று பொருந்தாது. அதனால் அதன் மேல் ஒரு தகட்டை நிறுத்தினார்கள். மாட்டியிருக்கும்வரை கண்ணை மறைக்கும், குறியே பார்க்க முடியாது. என்ன அழகான யோசனை!

கிளார்க்கை இன்னும் விட மனசில்லை. 1844இல் மகனின் பள்ளியில் சாப்பாட்டு மணி உடைந்தது. பையன் அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, உருக்கி, தொலைநோக்கிக்கு ஆடி செய்யக் கிளம்பினான். உதவப் போன அப்பா அதிலேயே விழுந்தார். பிறகு அந்தக் குடும்பம் தேய்த்த தொலைநோக்கி வில்லைகள் பலமுறை உலகிலேயே பெரியவையாக இருந்தன. 1862 ஜனவரியில் 18.5 அங்குல வில்லை ஒன்றைச் சோதிக்க இளைய மகன் சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்க்கிறார், பக்கத்தில் மங்கலாக இன்னொன்று! அதுவரை யாரும் கண்ணால் கண்டிராத துணை நட்சத்திரம். துப்பாக்கியில் ஆரம்பித்து எங்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சென்று கையைக் காட்டுகிறார்கள். விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் அறுகோணத் துப்பாக்கிக் குழலைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஒன்றே ஒன்று. 1874இல் நியூயார்க் பக்கம் க்ரீட்மூரில், வாய் வழியாகக் குண்டு போடும் ரிக்பி ரைஃபிள்களோடு அயர்லாந்து அணி வந்தது. அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் குண்டு போடும் புது ரகம். 934க்கு 931, அமெரிக்கா ஜெயித்தது. அயர்லாந்துக்காரர் ஒருவர் சுட்ட குண்டு நட்டநடுவில்தான் பட்டது, பக்கத்துப் பலகையில். நடுவில் பட்டால் நாலு புள்ளி. நன்றி, வணக்கம்.