1941 ஜூலையிலிருந்து தொடங்குங்கள்

மாணவர்களே, வணக்கம்.

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் ஏன் இறங்கியது என்று கேட்டால், விடைத்தாள்கள் பெரும்பாலும் ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1941 டிசம்பர் 7இல் தொடங்குகின்றன. அங்கே தொடங்கினால் அதிர்ச்சியை எழுதலாம். காரணத்தை எழுத முடியாது. ஜூலைக்குப் போங்கள்.

ஜப்பானியப் படை தென் இந்தோசீனாவுக்குள் (இன்றைய தென் வியட்நாம், கம்போடியா பகுதி) நகரத் தொடங்கிய வேளையில், ஜூலை 26 அன்று, அமெரிக்காவிலிருந்த ஜப்பானியச் சொத்துகளை அதிபர் ரூஸ்வெல்ட் முடக்கினார். அந்த ஆணையில் எண்ணெய் என்ற சொல்லே கிடையாது. உரிமம் பெற்று வாங்கலாம் என்றுதான் ஏற்பாடு. ஆனால் விலை கொடுக்கப் பணம் வேண்டுமே! பணம் முடங்கிக் கிடந்தது. அதை விடுவிக்க வேண்டிய குழுவில் வெளியுறவுத் துறையின் டீன் ஆச்சிசன் இருந்தார், குழு விடுவிக்கவில்லை. தனக்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 விழுக்காட்டை அமெரிக்காவிடம் வாங்கிய நாட்டுக்கு, தடை என்று யாரும் அறிவிக்காமலே எண்ணெய் நின்றுபோனது. ரூஸ்வெல்ட் இதை விரும்பித்தான் விட்டாரா, அதிகாரிகள் தாமாக இறுக்கினார்களா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வியே போதும். ஆணையை மட்டும் படித்தவருக்கு இப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது.

எதைப் படிப்பது? ஜப்பானுடனான உறவு பற்றி அமெரிக்க வெளியுறவுத் துறை 1943இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டது. போர் நடக்கும்போது அரசே தேர்ந்தெடுத்துத் தந்த ஆவணங்கள் அவை என்பதை மறக்காதீர்கள். 1941ஆம் ஆண்டுக்காக அதே துறை போருக்குப் பின் வெளியிட்ட தொகுதிகளைப் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டது என்று பாருங்கள். முடக்கத்தில் கருவூலத் துறைக்கும் பங்கு உண்டு. ஆகவே ஹைட் பார்க்கில் இருக்கும் ரூஸ்வெல்ட் நூலகத்திலுள்ள, அன்றைய கருவூலச் செயலர் மார்கெந்தாவின் நாட்குறிப்புகளும் வேண்டும். பேர்ல் ஹார்பர் தாக்குதல் பற்றி 1945–46இல் நடந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைப் பதிவு 39 பகுதிகள். அதிலுள்ள சாட்சியங்கள் முடிவு தெரிந்த பிறகு சொல்லப்பட்டவை. அன்றைய தந்தியோடு அவற்றை ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

குறிப்பெடுக்கும்போது தேதியோடு நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். தாக்குதல் தொடங்கியது ஹவாய் நேரம் காலை 7:55. அந்தக் காலத்தில் ஹவாய் கடிகாரம் கிரீன்விச்சுக்கு பத்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. இன்று பத்து மணி நேரம். இன்றைய கணக்கைப் போட்டால் வாஷிங்டனில் பகல் 12:55 வரும். சரியான நேரம் 1:25. பேச்சுவார்த்தையை முடித்துக்கொள்ளும் ஜப்பானின் இறுதிக் குறிப்பைப் பகல் 1 மணிக்குக் கொடுக்கும்படி டோக்கியோ தன் தூதருக்குக் கட்டளையிட்டிருந்தது. தவறான கணக்கில், குறிப்பு கொடுக்கும் முன்பே அடிக்கத் திட்டமிட்டார்கள் என்று ஆகிவிடும். உண்மையில் திட்டப்படி 25 நிமிடமாவது இடைவெளி இருந்தது. தட்டச்சு தாமதமாகி, குறிப்பு அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹல் கைக்குப் போகும்போது மணி 2:20 ஆகிவிட்டது. அரை மணி நேரப் பிழையில் ஓர் அத்தியாயமே தலைகீழாகும்.

இன்னொன்று. டிசம்பர் 8 அன்று நாடாளுமன்றம் போர் அறிவித்தது ஜப்பான் மீது மட்டுமே. கீழவையில் 388க்கு 1. எதிர்த்த அந்த ஒருவர், 1917இலும் போருக்கு எதிராக வாக்களித்த ஜெனட் ரான்கின். டிசம்பர் 11 அன்று முதலில் போர் அறிவித்தது ஜெர்மனிதான். ஆனால் அட்லாண்டிக்கில் அமெரிக்க நாசகாரிக் கப்பல் ரூபன் ஜேம்ஸ் அக்டோபர் 31 அன்றே ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. அதனால் அட்லாண்டிக்குக்குத் தனியாக ஒரு காலவரிசை போடுங்கள், பசிபிக்கோடு கலக்காதீர்கள்.